தனிக் கணக்கில் சேரட்டும் அந்த வரி

கோத்தகிரியின் இந்தக் குளிரிலும் வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

மைக்ரோசாஃப்டும் அமேசானும் வேரூன்றிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பட்டதாரிகளின் அறிவால் வளரும் தொழில்கள் கூடுதல் வரி செலுத்த வேண்டும் என்றும், அது தனிக் கணக்கில் சேர்ந்து கல்லூரிக் கல்விக்கே செலவாக வேண்டும் என்றும் 2019-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மைக்ரோசாஃப்டின் தலைவர் பிராட் ஸ்மித்தே அத்தகைய வரியை வெளிப்படையாக ஆதரித்தார். மறு ஆண்டு அதைத் திருத்தியபோது, உலகளவில் 2,500 கோடி டாலருக்கு மேல் வருவாய் ஈட்டும் கணினி நிறுவனங்களுக்குத் தனி வரி விதித்து, ஆண்டு உச்சவரம்பை அப்போது 90 லட்சம் டாலராக வைத்தார்கள். அவ்வளவு பெரிய வருவாய்க்கு அது மிகச் சிறிய தொகை என்பதே என் கருத்து. ஆனால் தனிக் கணக்கு என்ற ஏற்பாட்டை நாம் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஏனெனில் நம் நாட்டிலும், வெளிநாட்டு நிறுவனங்கள் பெறும் இணைய விளம்பர வருவாய்க்கு 2016-இல் ‘சமன்படுத்தும் தீர்வை’ என்ற 6 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. அதில் ஒரு ரூபாயும் மாணவருக்கென்று சட்டப்படி ஒதுக்கப்படவில்லை. 2025 ஏப்ரலில் தீர்வையே நீக்கப்பட்டுவிட்டது. வருமான வரியோடு வாங்கப்படும் 4 விழுக்காடு சுகாதார, கல்வி செஸ் என்ற கூடுதல் வரியிலும் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது.

அரசுக் கலைக் கல்லூரியில் கற்பிப்புக் கட்டணம் இல்லையே, பிறகென்ன செலவு என்று சமவெளியில் கேட்கிறார்கள். கூடலூர்ப் பிள்ளை விரும்பும் பாடம் உதகையில்தான் இருக்கிறதென்றால், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. மழையில் மண் சரிந்தால் பேருந்து வராது. ஆகவே விடுதியில் தங்கியே படிக்க வேண்டும். சென்ற மாதம் ஒரு தாய், கொழுந்துக் கறை படிந்த விரல்களால் மகளின் விடுதிக் கட்டணச் சீட்டை என்னிடம் நீட்டினார். அதன் பின்புறத்தில், அந்த மாதம் போட்ட பச்சைத் தேயிலையின் எடையையும் ஆலை கொடுத்த விலையையும் பென்சிலால் பெருக்கிக் கூட்டியிருந்தார். அந்தக் கூட்டுத்தொகை, முன்பக்கத்துத் தொகையைத் தொடவில்லை. புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் தரும் மாதம் 1,000 ரூபாய் பெரிய துணைதான். ஆனால் அந்தக் கணக்கில் அதையும் சேர்த்திருந்தார்.

ஆகையால், கணினி நிறுவனங்களின் மீது புதிய வரி வருமானால், அதன் சட்டத்திலேயே தனிக் கணக்கும், மாநிலங்களின் பங்கும், மலை மாவட்டங்களின் விடுதிச் செலவும் எழுத்தில் இடம்பெற வேண்டும் என்று இந்த அவையிலிருந்து கேட்கிறேன்.