யுமி என்றால் நாம்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தினரிடம் "நாம் சாப்பிடலாம்" என்று சொன்னால் அவர் கை கழுவப் போவார். "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்று சொன்னால் செருப்பைத் தேடுவார். கேட்பவரைச் சேர்த்துக்கொள்வது நாம், அவரை விலக்கி வைப்பது நாங்கள். இந்த வேறுபாட்டை எந்தப் பள்ளியும் நமக்குக் கற்றுத்தரவில்லை. ஆங்கிலத்தில் இது கிடையாது, பிரெஞ்சிலும் கிடையாது. ஆனால், தன் சொற்களில் மிகப் பெரும்பகுதியை ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டு, "உடைந்த ஆங்கிலம்" என்று நெடுங்காலம் ஏளனம் செய்யப்பட்ட பிஸ்லாமா என்னும் மொழியில் இது இருக்கிறது. அங்கே நாம் என்பது யுமி. நாங்கள் என்பது மிஃபலா.

பிஸ்லாமா வனுவாட்டு நாட்டின் தேசிய மொழி. ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே, ஃபிஜிக்கு மேற்கே ஏறத்தாழ 80 தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் அந்த நாட்டில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3 லட்சம் பேர்தான் வாழ்கிறார்கள். ஆனால் அவர்களுக்குள் வழங்கும் தாய்மொழிகள் 100க்கும் மேல். மொழியியலாளர்களின் ஒரு கணக்கு 138 என்கிறது. அப்படியானால் சராசரியாக ஏறக்குறைய 2,200 பேருக்கு ஒரு மொழி. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இத்தனை மொழிகள் அடர்ந்த நாடு உலகில் வேறு இல்லை.

1774இல் அங்கே வந்த கேப்டன் குக், ஸ்காட்லாந்துக் கரையிலுள்ள தீவுகளின் நினைவாக நியூ ஹெப்ரிடீஸ் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டுப் போனார். அவருக்குப் பின் வந்தவர்களுக்குப் பெயரில் அக்கறை இல்லை, சரக்கில்தான் அக்கறை. 1825இல் எரமாங்கோ தீவில் சந்தன மரங்கள் இருப்பது வணிகர்களுக்குத் தெரியவந்தது. சில பத்தாண்டுகளில் அவை வெட்டப்பட்டுச் சீனாவுக்குப் போயின. அடுத்த சரக்கு கடலட்டை. அதுவும் சீனச் சந்தைக்குத்தான். கரையில் அவித்து, புகைபோட்டு உலர்த்தி, மூட்டை கட்டி ஏற்றுவார்கள். கடலட்டையைப் போர்த்துக்கீசியர் "கடற்புழு" என்னும் பொருளில் ஒரு பெயரிட்டு அழைத்தார்கள். அது பிரெஞ்சுக்காரர் வாயில் பெஷ்-த-மேர் ஆயிற்று. அந்த வணிகத்தில் புழங்கிய கலப்புப் பேச்சுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டு, கடைசியில் பிஸ்லாமா என்று திரிந்தது. ஒரு நாட்டின் தேசிய மொழி கடலட்டையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைச் சொல்ல அந்த மக்கள் வெட்கப்படுவதும் இல்லை.

ஆனால் அந்தப் பேச்சு மொழியாக உருவெடுத்த இடம் கடற்கரை அல்ல, கரும்புத் தோட்டம். 1863 முதல் 1904 வரை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு ஏறத்தாழ 62,000 பசிபிக் தீவினர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பலர் நியூ ஹெப்ரிடீஸ்காரர்கள். கடத்தப்பட்டவர்கள் உண்டு, பொய் சொல்லி ஏற்றப்பட்டவர்கள் உண்டு, துப்பாக்கிக்கும் இரும்புக் கோடரிக்கும் ஆசைப்பட்டுத் தாமே கப்பலேறியவர்களும் உண்டு. ஒப்பந்தம் பொதுவாக 3 ஆண்டுகள். (ஃபிஜியின் கரும்புக் காட்டுக்குச் சென்னையிலிருந்து நம்மவர்களின் கப்பல்கள் 1903இல் புறப்படத் தொடங்கின, அதைத் தனியாகப் பேச வேண்டும்.) ஒரே வரப்பில் நின்று கரும்பு வெட்டுகிற இருவருக்கு, பக்கத்துப் பக்கத்துத் தீவுக்காரர்களாக இருந்தாலும், பொதுவான மொழி இல்லை. கங்காணியின் வாயிலிருந்து வரும் ஆங்கிலச் சொற்கள் மட்டுமே இருவர் காதிலும் ஒன்றாக விழுந்தன. சொற்களை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள்; அவற்றைக் கோக்கிற முறையைத் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள். உயிரோடு ஊர் திரும்பியவர்கள் துணிப்பெட்டியோடு அந்தப் பேச்சையும் தீவுக்குத் தீவு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கோத்த முறையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். ஆங்கிலத்தின் "நீ"யும் "நான்"உம் யு, மி என்றாகி, இரண்டும் ஒட்டி யுமி என்று நாம் ஆகிவிட்டன. அதோடு நிற்கவில்லை. நாம் இருவர் என்றால் யுமிட்டு, நாம் மூவர் என்றால் யுமிட்ரி. உன்னை விட்டுவிட்டு நாங்கள் இருவர் என்றால் மிட்டுஃபலா. ஒருமை, பன்மை என்று இரண்டோடு முடித்துக்கொள்ளும் ஆங்கிலத்துக்கு இந்தக் கணக்கே தெரியாது. அத்தீவுகளின் தாய்மொழிகளுக்குத் தெரியும். அடுத்து, கிலிம் என்றொரு வினை. ஆங்கிலம் தெரிந்தவர் அதைக் கேட்டதும் கொலை என்று பதறுவார். பிஸ்லாமாவில் அதற்கு அடித்தல் என்பதுதான் பொருள். கொன்றுவிட்டான் என்பதற்கு, அடித்ததில் செத்தான் என்று காட்ட "கிலிம் இ டெட்" என்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லின் ஈற்றில் உள்ள "-இம்" வெறும் ஓசை அல்ல. வினைக்கு ஒரு செயப்படுபொருள் உண்டு என்று காட்டும் விகுதி அது. தீவுகளின் மொழிகளில் ஏற்கெனவே இருந்த விகுதியின் வேலையை ஓர் ஆங்கில ஒலிக்குக் கொடுத்துவிட்டார்கள். இதை உடைந்த ஆங்கிலம் என்பவர், வேட்டியைக் கிழிந்த பேன்ட் என்று சொல்பவரைப் போன்றவர்.

இனி ஆட்சிக்கு வருவோம். பிரிட்டனும் பிரான்சும் அந்தத் தீவுகளை ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க மனமில்லாமல், 1906இல் சேர்ந்தே ஆள்வது என்று முடிவு செய்தன. நாட்டைப் பங்கிடவில்லை, ஒரே மண்ணில் இரண்டு அரசாங்கங்களை வைத்தன. இரண்டு ஆணையர்கள், இரண்டு காவல் படைகள், இரண்டு சிறை முறைகள், இரண்டு மருத்துவத் துறைகள், இரண்டு நாணயங்கள். இருதரப்புக்கும் பொதுவான நீதிமன்றத்துக்குத் தலைவரை யார் நியமிப்பது என்ற சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வு, ஸ்பெயின் மன்னர் நியமிக்கட்டும் என்பது. வெளிநாட்டிலிருந்து குடியேறியவர் பிரிட்டிஷ் சட்டமா பிரெஞ்சுச் சட்டமா என்று தேர்ந்துகொள்ளலாம். மண்ணின் மக்களுக்கு அந்தத் தேர்வு இல்லை. இரண்டு நாடுகளில் எதன் குடியுரிமையும் அவர்களுக்கு இல்லை. 1980 வரை, சொந்த ஊரில் இருந்துகொண்டே அவர்கள் சட்டப்படி நாடற்றவர்கள். இதைக் கேலிக்கூத்து என்று சொல்லி ஆங்கிலேயரே சிரித்திருக்கிறார்கள். சிரிப்பதற்கு அவர்களுக்குக் கடவுச்சீட்டு இருந்தது.

இந்த இரட்டை ஏற்பாட்டில் மிக நீண்ட நிழல் விழுந்தது பள்ளிக்கூடத்தின் மேல்தான். 1960களில் இரண்டு அரசுகளும் போட்டிபோட்டுப் பள்ளிகளைத் திறந்தன. ஒரே கிராமத்துப் பிள்ளைகளில் சிலர் ஆங்கிலத்திலும் சிலர் பிரெஞ்சிலும் படித்து வளர்ந்தார்கள். அந்தக் கோடு அப்படியே அரசியலிலும் விழுந்தது. ஆங்கிலிக்கன் பாதிரியாரான வால்டர் லினியின் வனுவாக்கு கட்சி ஆங்கிலம் படித்தவர்கள் பக்கமாகவும், எதிர்த்தரப்பு பெருமளவு பிரெஞ்சு படித்தவர்கள் பக்கமாகவும் நின்றன. 1979 தேர்தலில் லினி வென்றார். அடுத்த ஆண்டு சாண்டோ தீவில் ஜிம்மி ஸ்டீவன்ஸ் தலைமையில் பிரிவினைக் கலகம் எழுந்தது. அதை அடக்கப் பாப்புவா நியூ கினியின் படை வர வேண்டியதாயிற்று. 1980 ஜூலை 30 அன்று விடுதலை. அந்நியர் வாங்கிக் குவித்திருந்த நிலம் முழுவதும் மரபுவழி உரிமையாளர்களுக்கே என்று அரசியலமைப்பு எழுதியது. குக் வைத்த பெயர் போயிற்று. வனுவா என்றால் மண், டு என்றால் நிற்பது. நாட்டுப்பண் "யுமி, யுமி, யுமி" என்று மூன்று முறை சொல்லித் தொடங்குகிறது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ அதை மொழிபெயர்த்தால், கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் அந்த நாம் எப்படியும் கைநழுவிவிடும்.

அதே அரசியலமைப்பு, மொழி பற்றிய பிரிவில், பிஸ்லாமாவைத் தேசிய மொழி என்றும், பிஸ்லாமா, ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் அலுவல் மொழிகள் என்றும் சொல்லிவிட்டு, கல்வியின் முதன்மை மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்று முடிக்கிறது. அந்த மூன்றாவது வரியை எழுதியபோது ஆங்கிலம் படித்தவர்க்கும் பிரெஞ்சு படித்தவர்க்கும் இடையே சமரசம் தேவைப்பட்டிருக்கும் என்பது புரிகிறது. இருந்தாலும் அந்தச் சமரசத்துக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது இருவருக்கும் பொதுவான மொழி. தேசிய மொழியைப் பேசியதற்காகப் பிள்ளைகள் பள்ளி வளாகத்தில் கண்டிக்கப்பட்ட காலம் அதன் பிறகும் தொடர்ந்தது. 2012இல் வந்த தேசிய மொழிக் கொள்கைதான் தொடக்க வகுப்புகளில் பிஸ்லாமாவுக்கும் ஊர் மொழிகளுக்கும் இடம் தந்தது. அந்த வகுப்புகளைத் தாண்டியதும் பிள்ளை மறுபடி ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ மாற வேண்டும்.

தலைநகர் போர்ட் விலாவில் நாடாளுமன்றம் கூடும்போது உறுப்பினர்கள் பெரும்பாலும் பிஸ்லாமாவில்தான் வாதிடுகிறார்கள். கோபமும் நையாண்டியும் வாக்குறுதியும் எல்லாம் அந்த மொழியில். விவாதம் முடிந்து சட்டம் நிறைவேறியதும், அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சாகி வருகிறது.

வணக்கம்.