வரைபடத்திலேயே கேளுங்கள்
(வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவில் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எங்கள் தெருவின் குடிநீருக்காக அலையாய் அலைந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அவர்களே, காலையிலிருந்து பந்தல் வேலை பார்த்த தம்பிகளே, தாய்மார்களே, வணக்கம். கூட்டுக் குடியிருப்பு, அதாவது அவரவர் தனி வீட்டில் இருந்துகொண்டே பொதுவான ஓரிடத்தில் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு வாழ்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கட்டடம், சட்டம், சாப்பாடு என்று மூன்றையும் தொட்டுப் பேசுகிறேன்.

தனிமரம் தோப்பாகாது. டென்மார்க்கில் ஹில்லரோட் ஊருக்கு அருகே 1972இல் சேட்டடாமன் என்றொரு குடியிருப்பு எழுந்தது. அவரவருக்குத் தனி வீடு, தனி அடுப்படி. அதோடு எல்லோருக்கும் பொதுவாக ஒரு வீடு. லண்டன் ஹை பார்னெட்டில் ஐம்பது வயது கடந்த பெண்கள் சிலர் இதேபோல் ஒரு குடியிருப்பு கட்ட 1998இல் ஒன்று சேர்ந்தார்கள். குடிபோனது 2016இல். பதினெட்டு வருடம் விடாமல் நின்றிருக்கிறார்கள், தாய்மார்களே! 25 வீடுகள், 17 சொந்தம், 8 குறைந்த வாடகைக்கு. பொதுக்கூடமும் தோட்டமும் எல்லோருக்கும்.

"நாம் பார்க்காத கூட்டுக் குடும்பமா?" என்பார்கள். அங்கே அடுப்படியில் வெந்தது மருமகள் மட்டும்தானே? கூட்டுக் குடியிருப்பில் முறை வைத்துச் சமைப்பார்கள், ஆண்களும் சேர்த்து.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் குடியிருப்பில் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். முதல் மாடி அசோசியேஷன் ஹாலைத் திறந்தோம். ஒரு வீட்டிலிருந்து சிலிண்டர், ஒரு வீட்டிலிருந்து அரிசி, யாரோ கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா. கார் நிறுத்தும் இடத்துக்காக வருடக்கணக்கில் முகம் பார்க்காத இருவர் எங்கள் மாடியில் உண்டு. அந்த அண்டாவை ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிப் படியேறினார்கள். பாதிப் படியில் ஒருவர், "சார், கொஞ்சம் இறக்கி வைப்போமா?" என்றார். முதல் பேச்சு அதுதான்! அன்று ரசம் சாதம். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் பாட்டி, வற்றல் டப்பாவை முழுசாகக் கவிழ்த்துவிட்டார். குழந்தைகள் எந்த வீட்டுக் குழந்தை என்றே தெரியாமல் கலந்து உட்கார்ந்து சாப்பிட்டன. தண்ணீர் வடிந்தது, கரண்ட் வந்தது, ஹாலுக்குப் பழையபடி பூட்டு விழுந்தது. பாட்டி மறுபடி தனியாகச் சாப்பிடுகிறார். தனிமரம் தோப்பாகாது என்று தெரிந்துகொள்ள நமக்கு வருடா வருடம் வெள்ளம் வர வேண்டுமா?

சட்டத்தை வழக்கறிஞர் ஐயா விரிவாகச் சொல்வார். நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 வந்தபின், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். இந்தப் பகுதியில் பில்டர்கள் வரைபடத்தோடு படியேறத் தொடங்கிவிட்டார்கள். ஜிம் தருகிறேன், நீச்சல் குளம் தருகிறேன் என்பார்கள். பொதுச் சமையற்கூடம் கேளுங்கள்! கேஸ் இணைப்பு, பெரிய பாத்திரம் கழுவத் தொட்டி, நாற்பது பேர் உட்காரும் கூடம். தரைத்தளத்தில் வேண்டாம், வெள்ளம் ஏறாத முதல் மாடியில் கேளுங்கள். கையெழுத்துப் போட்டபின் கேட்டால் ஒரு செங்கல்கூட நகராது.

மாமன்ற உறுப்பினர் அம்மா இந்தப் பொதுச் சமையற்கூடக் கோரிக்கையை மேலிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன். வாசல் மேசையில் கோரிக்கை மனு இருக்கிறது. வீட்டு எண்ணை மறக்காமல் எழுதிக் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் போடலாம். நன்றி, வணக்கம்.