அச்சாணியும் ஆழ்கடலும்

(வள்ளியூரில் நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, கடலோரத்திலிருந்து மாலைப் பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மின்வாரியத்தில் உழைத்து ஓய்வுபெற்ற, நான் வெறும் ஃபிட்டராக இருந்தபோதே என்னை ‘எஞ்சினியர் தம்பி’ என்று அழைத்த அண்ணாச்சி அவர்களே, உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை ஊர்க்கமிட்டிப் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த வெக்கையிலும் எனக்குப் பொன்னாடை போர்த்திய நூலகருக்கு நன்றி. சென்ற கூட்டத்தில் நான் பெயர் சொல்ல மறந்த ஒருவர் இன்றுவரை என்னோடு பேசவில்லை. மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன். கடலில் மிதந்தபடி எண்ணெயும் மின்சாரமும் எடுக்கும் தொழில்நுட்பம், அதன் பாதுகாப்பு, நம் மீனவர் வலை விரிக்கும் இடத்துக்கு ஈடு. மூன்றையும் ஒரே பழமொழியில் கட்டிவிடலாம்: அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. நெல்லையப்பர் தேருக்கு வடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள் மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் எஃப்.பி.எஸ்.ஓ. என்னும் உற்பத்திக் கப்பலில் பம்பு பழுது பார்த்தவன் நான். கடலடிக் கிணற்றிலிருந்து வளையும் குழாய் வழியாக எண்ணெயும் எரிவாயுவும் தண்ணீரும் கலந்து மேலே வரும். கப்பலின் மேல்தளத்திலேயே பிரித்து, எண்ணெயை வயிற்றில் நிரப்பி வைத்து, பிறகு வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள். நங்கூரம் போட்ட வள்ளம் காற்றடிக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறதல்லவா? இந்தக் கப்பல்களில் பலவும் அப்படித்தான். பெரும்பாலும் முன்பக்கத்தில் ஒரு சுழல் கோபுரம் கடலடியோடு கட்டுண்டு நிற்கும், கப்பல் அதைச் சுற்றித் திரும்பும். உவரிக் கடலில் நங்கூரம் போட்டவருக்கு இதில் பாதி முன்பே தெரியும்.

காற்றாலையும் இப்போது மிதக்கத் தொடங்கிவிட்டது. ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் கடலுக்கு அப்பால் 2017-இல் ஐந்து மிதவைக் காற்றாலைகள் வந்தன, ஒவ்வொன்றும் 6 மெகாவாட். ஆழம் சுமார் 60 மீட்டரைத் தாண்டினால் தரையில் கால் ஊன்றுவது கட்டுப்படியாகாது, மிதக்கத்தான் வேண்டும். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் சுழல்கிற காற்று கடலிலும் வீசுகிறது. குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட் கடல் காற்றாலைக்காக 2024-இல் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மன்னார் வளைகுடாவில் ஆழம் குறைந்த இடத்தில் கால் ஊன்றித் தொடங்கலாம். அப்புறம் ஆழத்துக்குப் போகாமலா இருப்பார்கள்? நம் பக்கத்துக்கு மிதவையும் புதிதல்ல. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தூத்துக்குடிக்கு அப்பால், கடலின் மேல்நீருக்கும் அடிநீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டில் மின்சாரம் எடுக்க ‘சாகர் சக்தி’ என்ற மிதவையில் முயன்றார்கள். ஆழத்துக் குளிர்நீரை உறிஞ்சும் நெடுங்குழாயைக் கடலில் இறக்குவதிலேயே காரியம் முறிந்தது. குழாய் போயிற்று, தேர் நின்றது.

இனி பாதுகாப்பு. அதற்கு முன் ஒரு கதை. அண்ணாச்சி இதைப் பத்துத் தடவை கேட்டிருக்கிறார், பொறுத்துக்கொள்வார்.

திசையன்விளைப் பக்கத்துப் பையன் ஒருவன் எங்கள் கப்பலில் உதவியாளாக இருந்தான். விடுமுறை முடிந்து அன்று காலைதான் திரும்பியிருந்தான். எனக்காக ஓலைக்கொட்டானில் இரண்டு கிலோ உடன்குடிக் கருப்பட்டி. பம்பு அறையில் என் கருவிப்பெட்டி மேலேயே வைத்துவிட்டான். மாலை ஆறு மணி, ஷிப்ட் மாறும் நேரம். கடல்நீர்க் குழாயின் வடிகட்டி மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். ஸ்காட்லாந்துக்கார மேற்பார்வையாளர் வந்து, வால்வை மூடியாயிற்றா என்று பையனிடம் கேட்டார். பையன் மூடித்தான் இருந்தான். ஆனால் வாய் திறக்கவில்லை. நம் ஊர் வழக்கப்படி தலையை இடமும் வலமுமாகச் சாய்த்து ஆட்டினான். எங்கே, எல்லோரும் ஒருமுறை ஆட்டுங்கள்... ஆம், அதேதான்! இதற்கு நமக்கு ‘சரி’ என்று பொருள். அவருக்கு ‘இல்லை’ என்று பொருள். உடனே ஒரு பிலிப்பைன்ஸ்காரரை, போய் மூடு என்று அனுப்பினார். கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினால் திறந்து மூடும் வால்வு அது. போனவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாராமல், இந்தக் கோடியில் இருந்த கைப்பிடியை அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டார்.

திறந்த மூடி வழியாகப் பீறிட்ட தண்ணீரில் மேற்பார்வையாளர் தலை முதல் கால் வரை நனைந்தார். கொட்டான் கவிழ்ந்தது. கருப்பட்டி கரைந்தது. தரையில் பழுப்பு நிறத்தில் ஓடியதைப் பார்த்தவர் எண்ணெய்க் கசிவு என்று அலாரத்தை அழுத்திவிட்டார். கப்பலே உயிர்ப்படகுப் பக்கம் திரண்டது, சமையற்காரர் கரண்டியோடு. நான் குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பும் இனிப்பும். கசிந்தது கருப்பட்டி என்று ஸ்காட்லாந்துக்காரருக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. மறுநாள் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள்: தலையாட்டிப் பதில் சொல்லக் கூடாது.

சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அது எரிவாயுக் குழாயாக இருந்திருந்தால் இந்த மேடையில் வேறு யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். 1988 ஜூலை 6, வடகடலில் பைப்பர் ஆல்ஃபா. அது மிதப்பதல்ல, காலூன்றிய எண்ணெய் மேடை. பழுதுபார்க்க ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி எடுத்திருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்பை ஓட்டினார்கள். 167 பேர் மாண்டார்கள். 1980 மார்ச் 27-இல் தொழிலாளர் தங்கும் மிதவையான அலெக்சாண்டர் கீலாண்ட் கவிழ்ந்து 123 பேர் போனார்கள். ஒலிக்கருவி ஒன்றைத் தாங்க வைத்த 6 மில்லிமீட்டர் பற்றவைப்பில் தொடங்கிய வெடிப்பு, தாங்குகுழாயையே அறுத்துவிட்டது. 2015-இல் பிரேசிலில் ஓர் உற்பத்திக் கப்பலின் பம்பு அறையில், கசிவைப் பார்க்க ஆட்கள் இறங்கியிருந்தபோதே வெடித்தது. ஒன்பது பேர். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வல்லுநர்கள் உணர்கருவி என்பார்கள், தானியங்கி அடைப்பு என்பார்கள். எல்லாம் வேண்டும். வேலை அனுமதிச் சீட்டை, நாங்கள் ‘பெர்மிட்’ என்போமே, அதை எந்த மொழியில் எழுதுவது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. எந்த வால்வு மூடியிருக்கிறது, எந்த மூடி கழன்றிருக்கிறது என்று அந்த ஒரு தாள்தான் சொல்லும். நாளைக்கு நம் கடலில் வேலைக்குப் போகப்போகிறவன் கூத்தன்குழிப் பையன், பணகுடிப் பையன். அவன் கையெழுத்திடும் தாளில் தமிழ் வேண்டும். உயிர்ப்படகு ஒத்திகை தமிழில் நடக்க வேண்டும். டெண்டர் நிபந்தனையிலேயே இதை எழுதிவிட வேண்டும். இதைக் கேட்டு எட்டு மனு போட்டிருக்கிறேன். ஒன்றுக்குப் பதில் வந்தது, ஆங்கிலத்தில்.

மூன்றாவது செய்திக்கு, மீனவர் ஈட்டுக்கு, வரவேண்டும். தலைவர் மணியைத் தட்டிவிட்டார். பங்குத்தந்தை அதை என்னைவிட நன்றாகப் பேசுவார், கடைசிப் பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. ஒன்பதாவது மனு வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். கட்டி வைத்திருக்கும் பேனா என்னுடையது, போகும்போது அங்கேயே விட்டுவிடுங்கள்.