முதல் கார் எடுக்கும் தம்பி, தங்கைகளுக்கு: விலைக்கு முன்னால் சிசியைப் பாருங்கள்

(காட்சி: கடலூர், மஞ்சக்குப்பம். வீட்டுத் திண்ணையில் ஒரு கொட்டேஷன் தாள், பக்கத்தில் டீ டம்ளர்.)

வணக்கம். போன வாரம் என் சித்தி மகன் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தான். வயது 22, லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. "அண்ணே, எனக்கு வயசு கம்மிங்கிறதால இன்சூரன்ஸ் கூட வருதுன்னு ஷோரூம்ல சொல்றாங்க" என்றான். எந்த ஷோரூம் என்பதை விடுங்கள். ஆனால் அவர்கள் சொன்னது நம் நாட்டுக் கணக்கே இல்லை.

பிரிட்டனில் பல வருடமாகக் கார்களை 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குரூப்பாகப் பிரித்து வந்திருக்கிறார்கள். இளைஞர் ஓட்டினால் பிரீமியம் எகிறும். அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே பயப்படுகிறோம். இந்தியாவில் அடிப்படைக் கணக்கு காரை வைத்துத்தான் போடப்படுகிறது. தள்ளுபடி கொடுக்கும்போது சில கம்பெனிகள் வயது, வேலை என்று பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே எந்தக் காரைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, பாதி பிரீமியத்தை அங்கேயே முடிவு செய்துவிடுகிறீர்கள்.

(காட்சி: கொட்டேஷன் தாள் நெருக்கத்தில். 'தேர்ட் பார்ட்டி' வரியில் விரல்.)

இந்த வரியைப் பாருங்கள். நம் கார் இடித்து அடுத்தவருக்கு ஏதாவது ஆனால் அதற்கான காப்பீடு இது. சட்டப்படி கட்டாயம். கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது, பேரம் கிடையாது. இன்ஜினின் கொள்ளளவுதான் சிசி, அதை வைத்துத்தான் கட்டணம். 2022 ஜூன் 1 முதல் வந்த பட்டியலில் 1000 சிசி வரை வருடத்துக்கு 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 வரை 3,416. அதற்கும் மேலே போனால் 7,897. புதுக் காருக்கு மூன்று வருடத்தையும் சேர்த்து முதலிலேயே கட்ட வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து இதுதான் விதி.

தம்பி பார்த்து வைத்திருந்தது வேகன் ஆர். அதில் 998 சிசி இன்ஜினும் உண்டு, 1197 சிசியும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வண்டி. ஆனால் மூன்று வருட தேர்ட் பார்ட்டிக்கு அதே பட்டியலில் உள்ள தனிக் கட்டணம் சின்ன இன்ஜினுக்கு 6,521 ரூபாய், பெரியதற்கு 10,640. வித்தியாசம் 4,119. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேல்ஸ்மேன் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். அவர் சொல்வதெல்லாம் "பிக்அப் நல்லா இருக்கும் தம்பி".

ஆல்டோ கே10, க்விட் இரண்டுமே ஆயிரத்துக்குக் கீழே. ஸ்விஃப்ட், டியாகோ, பஞ்ச் ஆயிரத்தைத் தாண்டியவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வென்யூ டர்போ பெட்ரோல் விலையில் ஸ்விஃப்ட்டை விட மேலே, ஓட்டத்தில் சீறும். ஆனால் இன்ஜின் 998 சிசிதான். தேர்ட் பார்ட்டியில் அது ஆல்டோ பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்காக டர்போவுக்கு ஓடாதீர்கள், அடுத்த வரி காத்திருக்கிறது.

அந்த வரிக்கு ஓன் டேமேஜ் என்று பெயர். நம் காருக்கு ஆகும் சேதம். இது காரின் மதிப்பில், அதாவது ஐடிவியில், இத்தனை சதவீதம் என்று வரும். விலை உயர்ந்த கார் இங்கே மாட்டிக்கொள்ளும். ஐடிவி வருடா வருடம் குறையும்: ஒரு வருடம் தாண்டினால் 20 சதவீதக் கழிவு, நாலு வருடம் தாண்டினால் 50. பிரீமியம் குறையட்டும் என்று ஐடிவியைக் கண்டபடி இறக்கச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டி திருடு போனால் கையில் வருவது அந்தத் தொகைதான்.

(காட்சி: கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே முள்ளோடை எல்லை. ஒரு டி.என். 31 கார், பின்னாலேயே ஒரு பி.ஒய். 01 கார்.)

சரி, நம் ஊர்க் கேள்விக்கு வருவோம். "புதுச்சேரி நம்பர் எடுத்தா இன்சூரன்ஸும் கம்மியாகுமா?" ஆகாது. தாரிஃப் என்கிற பழைய கட்டண விகிதப் பட்டியலில் சென்னை, மும்பை, டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, புனே, அகமதாபாத் ஆகிய எட்டு நகரங்கள் ஏ மண்டலம். மற்ற எல்லா ஊரும் பி. கடலூரும் பி, புதுச்சேரியும் பி. முள்ளோடையைத் தாண்டுவதால் இன்சூரன்ஸில் ஒரு ரூபாய் மிச்சமாகாது. சாலை வரி வேறு கதை. அதற்காகப் பொய் முகவரி கொடுத்தவர்கள் எந்த வம்பில் மாட்டினார்கள் என்பதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் சென்னையில் பதிவான செகண்ட் ஹேண்ட் காரை வாங்கினால் ஏ மண்டல விகிதம், அது கொஞ்சம் கூடுதல். ஐந்து லட்சம் மதிப்புள்ள சின்னக் காருக்கு தாரிஃப்படி 440 ரூபாய்தான் வித்தியாசம், பெரிய தொகை இல்லை. பழைய காரில் அதைவிட முக்கியமானது பெயர் மாற்றம். வாங்கி 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விண்ணப்பியுங்கள். விற்றவர் சேர்த்து வைத்த நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் எடுக்காததற்கான தள்ளுபடி, உங்களுக்கு வராது. அது காரோடு போகாது, ஆளோடு போகும்.

இதில்தான் அப்பாக்கள் உதவுவார்கள். தம்பியின் அப்பா ஐந்து வருடமாக க்ளெய்ம் எதுவும் எடுக்கவில்லை. அதற்கு ஓன் டேமேஜில் 50 சதவீதத் தள்ளுபடி. பழைய வண்டியை விற்றுவிட்டுப் புது வண்டியை அவர் பெயரிலேயே எடுத்தால் அந்தத் தள்ளுபடி புது வண்டிக்கு வந்துவிடும். பழைய கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருடம் செல்லும்.

கேட்க இனிக்கிறது. ஆனால் பாலிசியில் வரும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஆர்சியில் பெயர் உள்ள உரிமையாளருக்குத்தான். மகன் ஓட்டி அவனுக்கு ஏதாவது ஆனால் அது அவனுக்குக் கிடையாது. சித்தப்பா இதைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அப்பா பெயரில் எடுப்பதென்றால், ஓட்டுகிறவருக்குத் தனியாக ஒரு விபத்துப் பாலிசி போடுங்கள். என் கணக்கில் அப்போதும் லாபம்தான்.

(காட்சி: மழை. தண்ணீர் நிற்கும் தெரு.)

அப்புறம், "ஓன் டேமேஜே வேண்டாம், தேர்ட் பார்ட்டி மட்டும் போதும்" என்று தம்பி கடைசியாக ஒரு யோசனை சொன்னான். வேறு ஊராக இருந்தால் விவாதிக்கலாம். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகரில் வண்டிகள் மூழ்கி நின்றன. மரம் விழுந்து கூரை நசுங்கினாலும், தண்ணீர் ஏறினாலும் தேர்ட் பார்ட்டி பாலிசி ஒரு பைசா தராது.

ஓன் டேமேஜ் இருந்தாலும் ஒரு பொறி உண்டு. தண்ணீர் உள்ளே புகுந்தது வெள்ளச் சேதம். தண்ணீரில் நின்ற வண்டியை நாம் ஸ்டார்ட் செய்து, சிலிண்டருக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்தால் அது நம்மால் வந்த சேதம் என்று இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதிவிடுவார். இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் கவர் அதற்குத்தான். கடலோரத்தில் இருப்பவர்கள் மற்ற ஆட்-ஆன்களைக் கழித்தாலும் இதைக் கழிக்காதீர்கள்.

புதிதாக ஓட்டுபவர் பம்பரை உரசாமல் இருக்கப்போவதில்லை. ப்ளாஸ்டிக் பாகத்துக்குப் பாதித் தேய்மானம் கழிப்பார்கள் என்பதால் முதல் இரண்டு வருடம் ஜீரோ டெப் (அந்தத் தேய்மானத்தைக் கழிக்காத கூடுதல் கவர்) நல்லது. ஆனால் மூவாயிரம் ரூபாய் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாதீர்கள், போனஸ் போய்விடும்.

தம்பி கடைசியில் 998 சிசி வேகன் ஆர் புக் செய்தான், அப்பா பெயரில். நிறத்துக்குத்தான் இன்னும் சண்டை நடக்கிறது.