உச்சிவெயில் ஓர் இடத்தின் பெயர்

எல்லோருக்கும் வணக்கம். தொலைதூரக் கோள் என்று பத்திரிகைகளில் வரும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். செம்மண் மலை, அதன் மேல் பெரிய சிவப்புச் சூரியன், ஓரத்தில் கொஞ்சம் கடல். அத்தனையும் ஓவியரின் கைவேலை. வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளின் தரையை எந்தத் தொலைநோக்கியும் இதுவரை பார்த்ததில்லை.

சரி, கையில் இருப்பதுதான் என்ன? டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனை எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து 40 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. வியாழனைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதற்கு ஏழு கோள்கள் என்று 2017-இல் அறிவித்தார்கள். உள்ளிருந்து நான்காவதன் பெயர் 'இ'. அது 6.1 நாளுக்கு ஒருமுறை விண்மீனுக்குக் குறுக்கே போகும். அப்போது விண்மீனின் ஒளி 200-இல் ஒரு பங்கு குறையும். அந்தக் குறைவிலிருந்து கோளின் அகலத்தைக் கணக்கிட்டார்கள். ஏழும் ஒன்றையொன்று இழுப்பதால் சில சமயம் முந்தியும் பிந்தியும் வருகின்றன. அந்தப் பிசகிலிருந்து நிறை கிடைத்தது. அகலத்தில் பூமியைவிட 8 சதவீதம் குறைவு, நிறையில் 30 சதவீதம் குறைவு. இங்கே 60 கிலோ காட்டும் தராசு அங்கே 49 காட்டும்.

இவ்வளவுதான் முதல். இதை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்போம்.

விண்மீனுக்கு இவ்வளவு பக்கத்தில் சுற்றும் கோள், நம் நிலவு பூமிக்குச் செய்வதுபோல, பெரும்பாலும் ஒரே முகத்தைத்தான் காட்டும். அதனால் அங்கே சூரியன் நகராது. நம் சூரியனைப்போல் நான்கு மடங்கு அகலமாக, ஆரஞ்சு நிறத்தில், ஆணி அடித்தாற்போல் நிற்கும். வெளிச்சத்தைவிட வெப்பம்தான் அதிகம் தரும். நடுப்பகலிலும் நமக்கு மாலை மாதிரி இருக்கும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். நாம் பொழுதுக்கு வைத்த பெயர்களெல்லாம் அங்கே இடப்பெயர்களாகிவிடும். உச்சிவெயில் எங்கே என்று கேட்டால் கைகாட்டிவிடலாம். அந்தி என்பது கோளைச் சுற்றி ஓடும் ஒரு வட்டம். நடந்தே போய்ச் சேரலாம். 'விடிந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று எதையும் தள்ளிப்போட மட்டும் முடியாது.

இருட்டுப் பக்கத்துக்காரர்களுக்கும் ஒரு கொடுப்பினை உண்டு. அடுத்த கோளான 'எஃப்' சுமார் 18 நாளுக்கு ஒருமுறை நெருங்கி வரும்போது, முழுதாக ஒளிர்ந்து, நம் பௌர்ணமி நிலவின் அளவுக்குத் தெரியும். வெயில் பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பார்க்க அந்தியைத் தாண்டி வரவேண்டும்.

காற்று மண்டலம் இருந்தால், தரையோடு குளிர்காற்று இருட்டிலிருந்து வெயிலுக்கு வீசும். சூடேறி எழும்பி மேல்வழியாகத் திரும்பும். உச்சிவெயிலின்மேல் மேகம் கலையாமல் கவிந்திருக்கும். ஆனால் இந்த 'இருந்தால்' பெரிய 'இருந்தால்'. இதே விண்மீனின் முதல் கோளான 'பி'யை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தபோது அதன் பகல் பக்கத்தில் சுமார் 230 டிகிரி செல்சியஸ் வெப்பம். சொல்லிக்கொள்ளும்படியான காற்று அங்கே இருப்பதாகத் தெரியவில்லை என்று 2023-இல் எழுதினார்கள். 'இ'யும் அப்படித்தான் என்றால், நான் சொன்னதில் மேகத்தையும் காற்றையும் அடித்துவிடுங்கள். அந்தி இருந்த இடத்திலேயே இருக்கும். 'எஃப்' 18 நாளுக்கு ஒருமுறை வரும்.