"எந்த வார்டுக்கு சிஸ்டர்?"

(ராயபுரத்தில் நர்சிங் மாணவிகளிடம் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதிலிருந்து)

வணக்கம் பிள்ளைகளா. நான் பண்ணின தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. காசிமேட்டுக்காரர் ஒருவர், மாரடைப்பு, விடிகாலையில் இறந்துவிட்டார். மனைவி கஞ்சித் தூக்கோடு படியேறி வருகிறார். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. "அண்ணன் போயிட்டாரும்மா" என்றேன். "எந்த வார்டுக்கு சிஸ்டர்? கஞ்சி ஆறிடும்" என்றார். ஒரு சாவை அந்த அம்மா இரண்டு தடவை கேட்க வேண்டியதாகிவிட்டது.

அதனால் உட்கார வையுங்கள், பெயரைச் சொல்லுங்கள், 'இறந்துட்டார்' என்றே சொல்லுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

அழுதால் உடனே "சத்தம் போடாதீங்க, மத்த பேஷண்ட் இருக்காங்க" என்போம். நியாயம்தான். ஆனால் நம்ம பக்கத்தில் சாவு என்றால் பந்தல் போட்டு, மேளம் அடித்து, ஒப்பாரி வைத்து, ராத்திரி முழுக்க கானா பாடித்தான் அனுப்புவார்கள். அந்த ஜனத்தை ஸ்கிரீன் மறைவில் நிறுத்தி அழாதே என்றால் எப்படி? காலி ரூம் இருந்தால் திறந்துவிடுங்கள். மார்ச்சுவரி ஆளைக் கால் மணி நேரம் காக்க வையுங்கள்.

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று மனநல மருத்துவர் குப்ளர்-ராஸ் சொன்ன ஐந்து நிலைகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். 1969-இல் அவர் எழுதியது சாகப்போகும் நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. நாம்தான் அதை எல்லா துக்கத்துக்கும் படிக்கட்டாக்கிவிட்டோம். நான் வார்டில் பார்த்ததற்குப் பொருந்தியது, துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோபே, ஷுட் இருவரும் 1999-இல் சொன்னதுதான்: துக்கம் ஊசல் மாதிரி, இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவே ஆடும். அப்பா உடம்புக்காகக் காத்திருக்கும் மகன் ஆதார் ஜெராக்ஸ் தேடுவான், நண்பன் சொன்னதற்குச் சிரிப்பான், ஐந்து நிமிடத்தில் சுவரில் முட்டிக்கொள்வான். கல்நெஞ்சக்காரன் என்று பேசாதீர்கள்.

வயிற்றிலேயே போன குழந்தைக்குப் பந்தலும் இல்லை, பதினாறாம் நாளும் இல்லை. "அடுத்தது நல்லா பொறக்கும்" என்பார்கள், அவ்வளவுதான். ஊர் கணக்கில் எடுக்காத இந்த மாதிரி துக்கத்தைப் பற்றி கென்னத் டோகா என்ற ஆய்வாளர் 1989-லேயே எழுதிவிட்டார். அந்தத் தாய்க்குப் பால் மட்டும் சுரக்கும். பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கிறதா என்று நாம்தான் கேட்க வேண்டும். பிள்ளைகள் அழும் வார்டிலிருந்து பெட்டை மாற்றிக் கொடுங்கள்.

நர்சுகள் நம்ம துக்கமும் அப்படித்தான், ஊர் கணக்கில் வராது. கால் கட்டைவிரலைக் கட்டி, பேர்ச்சீட்டு ஒட்டி அனுப்பினால், பெட்ஷீட் மாற்றுவதற்குள் அடுத்த கேஸ் வந்து நிற்கும். "நாங்க அழலாமா மேடம்?" என்று முன்வரிசைப் பிள்ளை கேட்கிறது. அழலாம்மா. நான் ஸ்டோர் ரூமில் குளுக்கோஸ் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

அந்தக் காசிமேட்டு அம்மா தூக்கை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார். சாயந்திரம் கழுவி, துடைத்து, நர்ஸ் மேசையில் வைத்தேன். ரொம்ப நாள் அங்கேயே இருந்தது.