கேசட்டிலிருந்து கேம்: அந்தக் கீச்சொலிக்குள் என்ன இருந்தது?

[திரை: கறுப்பு. ஒலி மட்டும். நீண்ட ஒற்றைச் சுரம், பிறகு கரகரவென்ற இரைச்சல்.]

சவுண்டைக் குறைக்காதீர்கள். ஒரு கேம் கம்ப்யூட்டருக்குள் ஏறிக்கொண்டிருக்கிற ஓசை இது. 1982-இல் சின்க்ளேர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. பாட்டுக் கேட்கிற சாதாரண டேப் ரெக்கார்டர்தான் அதற்குச் சேமிப்புக் கிடங்கு.

லோட் கட்டளையை எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டாம். ஜே கீயை ஒருமுறை அழுத்தினால் முழுச் சொல்லும் வந்து விழும். அடுத்து சிம்பல் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு பி (P) கீயை இரண்டு தடவை அழுத்துங்கள். இரண்டு மேற்கோள் குறிகள் வரும். என்டர். இனி டேப்பை ஓடவிடலாம்.

[திரை: பார்டரில், அதாவது படத்தைச் சுற்றியுள்ள ஓரத்தில், சிவப்பும் வெளிர்நீலமுமாக நகரும் பட்டைகள்.]

முதலில் வருகிற ஒற்றைச் சுரம் ஏறத்தாழ 807 ஹெர்ட்ஸ், 5 வினாடி. டேப்பில் தகவல் வரப்போகிறது என்று கம்ப்யூட்டர் உஷாராவதற்கான நேரம் அது. பின்னாலேயே 17 பைட் தலைப்பு: புரோகிராமின் பெயர், வகை, நீளம். சிறு இடைவெளி. மறுபடி 2 வினாடி சுரம். பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மாறினால் சரக்கு இறங்க ஆரம்பித்துவிட்டது.

[திரை: ஒலி அலையின் நெருக்கக் காட்சி. குட்டை அலை ஒன்று, நெட்டை அலை ஒன்று.]

இந்த இரண்டு அலைகளையும் நன்றாகப் பாருங்கள். கம்ப்யூட்டரின் தகவலெல்லாம் 0, 1 என்ற பிட்டுகள்தான். குட்டை அலை என்றால் 0: நீளம் 0.49 மில்லிவினாடி. நெட்டை அலை என்றால் 1: சரியாக அதைப்போல இரு மடங்கு. இதைப் பிரித்தறியத் தனிச் சிப் எதுவும் இல்லை. வினாடிக்கு 35 லட்சம் துடிப்பில் ஓடும் இசட்80 பிராசஸரே, அலை எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். வேறு வேலை எதுவும் செய்ய அதற்கு நேரமில்லை. அலை திரும்பும் ஒவ்வொரு முறையும் பார்டரின் நிறத்தை மாற்றுவதும் அதுவேதான். ஆக, அலங்காரம் போலத் தெரிகிற அந்தப் பட்டைகள் டேப்பில் உள்ள பிட்டுகளேதான். இவ்வளவு வெளிப்படையாகத் தன் வேலையைக் காட்டிய கம்ப்யூட்டர்கள் குறைவு.

[திரை: கோடு கோடாக உருவாகும் படம்.]

கேமுக்கு முன்னால் வரும் படம் 6912 பைட், சுமார் 40 வினாடி. திரை மூன்று பாகம். ஒவ்வொரு பாகத்திலும் முதலில் எட்டுக்கு ஒரு கோடு விழும். பிறகு அவற்றுக்கு அடுத்த கோடுகள், இப்படியே இடைவெளி நிரம்பும். நிறத்துக்கான 768 பைட் கடைசியில்தான் வரும். அதுவரை வெறும் கோட்டோவியமாக நின்ற படம், நாலைந்து வினாடியில் மேலிருந்து கீழாக வண்ணம் பூசிக்கொள்ளும்.

ஸ்பெக்ட்ரத்தின் 48 கே நினைவகம் முழுவதும் ஏற 5 நிமிடம் ஆகும். இன்றைய போனில் எடுத்த 3 எம்பி போட்டோ ஒன்றை இதே வேகத்தில் ஏற்றினால் கிட்டத்தட்ட 5 மணி நேரம்.

[திரை: "ஆர் டேப் லோடிங் எரர்".]

இந்த வரி வந்தால் அதுவரை காத்திருந்தது வீண். ஒவ்வொரு தொகுதியின் கடைசி பைட்டும் சரிபார்ப்புக்கானது. நடுவில் ஒரு பிட் புரண்டிருந்தாலும் கணக்கு இடிக்கும். முதலில் வால்யூமைப் பாருங்கள். குறைந்தால் அலை பிடிபடாது, கூடினால் அலை சிதையும். முக்கால் அளவில் தொடங்கி, டிரெபிளை முழுதாக வையுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால், டேப்பைப் படிக்கும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடையுங்கள்.

பெரும்பாலும் உண்மையான குற்றவாளி ஹெட்டின் சாய்வு. ஹெட், டேப்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். இம்மி சாய்ந்தாலும் மேல் சுரங்கள் மழுங்கும். முதலில் அடிபடுவது பூஜ்யத்தின் குட்டை அலை. ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங் மாட்டிய சின்னத் திருகு இருக்கும். காந்தமேறாத ஸ்க்ரூடிரைவரால், டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அரைக்கால் சுற்றாகத் திருப்பிக் காதால் கேளுங்கள். சத்தம் எங்கே மிகக் கூர்மையாக இருக்கிறதோ, அங்கே நிறுத்துங்கள். ஒலி அலைந்து அலைந்து வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அதை மாற்றத்தான் வேண்டும்.

டேப்புக்குப் பதில் போனிலிருந்தும் ஏற்றலாம். வேவ் ஃபைல், ஈக்வலைசர் அணைப்பு, ஃபிளைட் மோட் மூன்றும் அவசியம். நடுவில் ஒரு மெசேஜ் 'டிங்' என்றாலே எல்லாம் போச்சு.

உங்கள் புரோகிராமைப் பதிவு செய்யும்போது டேப் ரெக்கார்டருக்குச் சத்தத்தை அனுப்பும் மைக் வயர் மட்டும் இருக்கட்டும், அதிலிருந்து சத்தத்தைக் கொண்டுவரும் இயர் வயரைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் இருந்தால் சத்தம் சுற்றிக்கொண்டு பதிவு கெடும். முடிந்ததும் டேப்பைப் பின்னால் சுற்றி, இயர் வயரை மாட்டி, பதிவு சரியா என்று பார்க்கும் வெரிஃபை கட்டளையைக் கொடுங்கள். "0 ஓகே" வந்த பிறகு கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் தாழை உடைத்துவிடுங்கள். யாரும் தெரியாமல் அதன்மேல் பாட்டுப் பதிந்துவிட மாட்டார்கள்.